குறிப்பேட்டில் ஏறாதவை

பிப்ரவரி ஞாயிறு, ஆராதனைக்குப் பின்.
வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
வந்திருந்தோர் அறுபத்தொன்று என்று எழுதினேன்.
கூடையில் தூங்கிய டியூக் வீட்டுக் குழந்தையைச் சேர்ப்பதா
என்று இம்முறையும் தெரியவில்லை.

எங்கள் சபையில் வாக்கெடுப்பு கிடையாது.
கை தூக்கினால் கைகளைத்தான் எண்ணலாம்,
தேவசித்தத்தை எண்ண முடியாது என்பார்கள்.
ஆகவே பேசுவோம். பிறகு பேசாமல் இருப்போம்.
பேசாமல் இருந்ததை எப்படி எழுதுவது?
ஒன்பது வருடம் செயலாளராக இருந்தும் பிடிபடவில்லை.

வின்னிபெக்கிலிருந்து வந்த வரைபடம் சுவரில்.
வடக்குச் சுவரை இடித்து நாற்பதடி நீட்டுவது.
பெரிய சமையலறை, சக்கர நாற்காலிக்குச் சாய்தளம்,
கண்ணாடி முகப்பு.
வரைந்தவர் முற்றத்தில் சில மனிதர்களையும் நிறுத்தியிருந்தார்,
ஒல்லியாக, முகமில்லாமல்,
ஒருவர் மேலும் குளிர்கோட்டு இல்லை.
"இதுகள் நம்ம ஊர் ஆட்களே இல்லை" என்றாள் இர்ம்கார்ட் பென்னர்.
சிரித்தோம். எழுதவில்லை.

பொருளாளர் கார்னீலியஸ் எழுந்தார்.
ஏழு லட்சத்து நாற்பதாயிரம் டாலர்.
கனோலா விற்கிற விலைக்கு அகலக்கால் வேண்டாம்,
விரலுக்கேற்ற வீக்கம் போதும்.
அவர் சொன்னதில் பிழையில்லை.
கூரைக்குக் கடன் வாங்கிய வருடம்
டிராக்டரை விற்று வட்டி கட்டியவர்.
எல்லோருக்கும் தெரியும்,
யாரும் சொல்வதில்லை.

இன்னொருவர், பெயர் வேண்டாம்,
இவ்வளவு நெரிசல் எதனால் என்று கேட்டார்.
கோமாவிலிருந்தும் புகாவுவிலிருந்தும்
பன்றியிறைச்சி ஆலை வேலைக்கு வந்த குடும்பங்கள்
கடைசி ஐந்து பெஞ்சுகளில் இருக்கிறார்கள்,
அதனால்.
"இடங்கொடுத்தால்..." என்று தொடங்கினார்.
மடம் வரை போகாமல் நிறுத்திக்கொண்டார்.
ஹீட்டர் ஓடுவது கேட்டது.

ஃபுராஹா பின்னலூசியை நிறுத்தவில்லை.
"எங்கள் பிள்ளைகளுக்குப் படிக்கட்டில் உட்கார்ந்து பழகிவிட்டது.
எதை இடித்தாலும் படிக்கட்டை விட்டுவிடுங்கள்."
பிரெஞ்சில் சொன்னாள். போதகர் மொழிபெயர்த்தார்.
அவர் மொழிபெயர்ப்பில் சர்க்கரை சற்றுத் தூக்கல்.

எனக்கும் ஒன்று சொல்ல இருந்தது.
வடக்குச் சுவரோரம் மூன்றாம் பெஞ்ச்.
எட்வின் போன குளிர்காலம் முழுக்க
அந்தச் சுவரில் சாய்ந்துதான் உட்கார்ந்திருந்தேன்.
என் தோள் உரசிய இடத்தில் பெயிண்ட் வெளுத்திருக்கிறது.
ஆனால் செயலாளருக்குக் கருத்து கிடையாது,
பேனாதான் உண்டு.

பிறகு அந்த மௌனம். பதினோரு நிமிடம்.
யாரோ தொண்டையைச் செருமினார்கள்.
யாரோ அழுதிருக்கலாம், அல்லது சளி.

லோயிஸ் ரெம்பல் எழுந்து போய்த்
தன் டிரக்கிலிருந்து வைக்கோல் கட்டும் கயிற்றுருண்டையை எடுத்து வந்தாள்.
ஆரஞ்சு நிறம்.
"நாற்பதடி எவ்வளவு என்று
நம்மில் யாருக்காவது தெரியுமா?"

அப்படித்தான் முழங்காலளவு பனியில் நின்றோம்,
வரப்போகிற, அல்லது வராத, சுவர்களாக.
வடகிழக்கு மூலைக்குக் கார்னீலியஸ்.
"கயிறு பிடிக்கத்தான் வந்தேன், சம்மதம் என்று எழுதிவிடாதே."
பெயர் வேண்டாம் என்றேனே, அவர் ஃபுராஹாவுக்குப் பக்கத்தில்,
ஒரே கயிற்றை ஆளுக்கொரு கையுறையில்.
இத்தனை வாக்குவாதத்துக்கும் பிறகு
அந்த வெள்ளைவெளியில் நாங்கள் அடைத்த இடம்
ஒரு கைக்குட்டை.

இரவு ஷிஃப்டும் அதற்கு மேல் ஒரு ஷிஃப்டும் முடித்த பஹாத்தி
அப்போதுதான் காரை நிறுத்தினான்.
பனியில் செவ்வகமாக நிற்கும் சபையைப் பார்த்தான்.
ஒன்றும் கேட்கவில்லை.
கயிற்றின் அருகே வந்து
பூட்ஸில் ஒட்டியிருந்த பனியைத்
தட்டித் தட்டி உதறிவிட்டு
குனிந்து உள்ளே வந்தான்,
உள்ளேயும் பனிதான்.

முடிவு எட்டவில்லை, மார்ச்சில் மீண்டும் கூடுவது
என்று எழுதினேன்.
அறுபத்தொன்றை அடித்து அறுபத்துமூன்று ஆக்கினேன்.
உருளைக்கிழங்கு சூப் ஆறிப்போயிருந்தது.
நின்றபடியே குடித்தோம்,
சமையலறையில் உட்கார இடமில்லை.